கேள்வி–பதில்: கிரேக்கப் பானைகள் போன வழி

பழங்காலக் கிரேக்க மட்பாண்டங்களைப் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கொசப்பேட்டையிலிருந்து வந்த கேள்வி தொழில் தெரிந்தவரின் கேள்வி. அதனால் அதற்கு மட்டும் இடத்தைக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம்.

ராயபுரம் கல்லூரி மாணவி: அருங்காட்சியகப் படங்களில் எல்லாக் கிரேக்கப் பானையும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகிறது. இது கொரிந்து, இது ஏதென்ஸ் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

நீங்கள் ஓவியத்தை முதலில் பார்க்கிறீர்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஓவியம் ஊர் விட்டு ஊர் போகும். ஒரு ஊரில் வரைந்ததை இன்னொரு ஊர்க்காரர் பார்த்து வரைவார். மண்ணை யாரும் அப்படிச் சுமந்துகொண்டு போவதில்லை. எனவே முதலில் உடைந்த விளிம்பைப் பாருங்கள், பூச்சில்லாத உள்மண் அங்கேதான் தெரியும்.

ஏதென்ஸ் மண்ணில் இரும்பு அதிகம், சுட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். கொரிந்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம், சுட்டால் வெளிர் மஞ்சளாக, சில துண்டுகளில் இளம்பச்சை சாயலோடு வரும். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த மிலேட்டஸ், அதற்கு எதிரே உள்ள சமோஸ் தீவு ஆகிய ஊர்களின் மண்ணில் அப்பிரகத் துகள் இருப்பதால் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மினுக்கும். கியோஸ் தீவுக்காரர்கள் பானைமேல் வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் வரைந்தார்கள்.

அடுத்தது வடிவம். கொரிந்தின் அடையாளம் கையடக்கமான வாசனை எண்ணெய்ச் சிமிழ். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் செய்தவை பலவும் விரல் நீளம்தான் இருக்கும். எண்ணெய் சொட்டுச் சொட்டாக வர வாய் குறுகலாக இருக்கும். வழிந்ததைத் தோலில் தேய்த்துக்கொள்ள அந்த வாயைச் சுற்றித் தட்டையான வட்டு இருக்கும். ஓவியத்தைக் கடைசியாகப் பாருங்கள். வரிசையாகச் சிங்கம், மனிதத் தலையும் சிறகும் உள்ள ஸ்பிங்ஸ், இடைவெளியெல்லாம் பூ என்று இருந்தால் கொரிந்தை நினைக்கலாம். அந்த விலங்குகளும் தாமரை மொட்டுகளும் சிரியா, பினீசியா (இன்றைய லெபனான் கரை) பக்கத்து உலோகப் பாத்திரங்கள், தந்தச் செதுக்கல்கள், துணிகள் வழியாக வந்தவை. உருவத்தைக் கறுப்பாகத் தீட்டி உள்கோடுகளை ஊசிமுனையால் கீறும் முறையும் கொரிந்தில்தான் சுமார் கி.மு. 700இல் பிறந்தது. ஏதென்ஸ் அதை எடுத்துக்கொண்டு, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கொரிந்தையே சந்தையிலிருந்து ஓரங்கட்டிவிட்டது.

இந்த வரிசை மாறினால் எப்படித் தப்பாகப் போகும் என்பதற்குப் பாரீஸில் உள்ள ஒரு கிண்ணம் நல்ல எடுத்துக்காட்டு. சுமார் கி.மு. 560ஐச் சேர்ந்தது. அதில் இன்றைய லிபியாவில் இருந்த கிரேக்கக் குடியேற்றமான சைரீனின் மன்னர் அர்கெசிலாஸ் உட்கார்ந்து சரக்கு எடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓவியத்தை நம்பினால் ஆப்பிரிக்கா என்போம். கண்டெடுத்த இடத்தை நம்பினால் இத்தாலி என்போம், ஏனென்றால் கிடைத்தது அங்கே வுல்ச்சியில். செய்தது இரண்டு இடத்திலும் இல்லை, ஸ்பார்ட்டா நாட்டில்.

கொசப்பேட்டை மண்பாண்டத் தொழிலாளி: நாங்கள் வைக்கோலும் வரட்டியும் வைத்துச் சூளை போடுகிறவர்கள். புகை அடைந்தால் பானை திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். கிரேக்கப் பானையில் கறுப்பும் சிவப்பும் கோடு பிசகாமல் பிரிந்து நிற்கிறதே, அது எப்படி? என்ன சாயம்?

சாயமே கிடையாது. கறுப்பும் அதே வகை மண்தான். மண்ணில் இருக்கும் இரும்பு, காற்று கிடைத்தால் சிவக்கும், காற்று மறுக்கப்பட்டால் கறுக்கும். உங்கள் சூளையில் திட்டு விழுவதற்கும் இதுதான் பெரிய காரணம். ஏதென்ஸ் குயவர்கள் அந்தத் திட்டைத் தாங்கள் வைத்த இடத்தில் மட்டும் நிற்கச் செய்தார்கள். இதன் ரசாயனத்தை ஜெர்மானியர் தியோடர் ஷூமன் 1942இல் விளக்கினார். பிறகு அமெரிக்கர் ஜோசப் வீச் நோபிள் சூளையில் செய்துகாட்டினார்.

பூச்சுதான் பாதி வேலை. சோதித்துப் பார்க்க, சிவப்பாகச் சுடும் மண்ணில் 1 கிலோ எடுத்து நன்றாகக் காயவைத்துப் பொடியுங்கள். இரண்டரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சோடியம் சிலிக்கேட்டை முதலில் கரைத்துக்கொண்டு, அதில் மண்ணைப் போட்டுக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். இந்தக் காரம் மண் துகள்களை ஒன்றையொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைக்கும். கனமானது அடியில் தங்க, மிக நுண்ணியது மட்டும் மேலே மிதந்து நிற்கும். அந்த மேல் கரைசலை ரப்பர் குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்து, அகலமான தட்டில் ஊற்றி ஆவியாக விடுங்கள். பாலாடைப் பதம் வந்ததும் பூசலாம், கோடு இழுக்க இன்னும் கெட்டியாக வேண்டும். பழைய காலத்தில் இந்தக் காரத்தை மரச்சாம்பல் நீரிலிருந்தே பெற்றிருக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை: போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பகுதியில் அதில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அவை துகள்களைத் திரும்பக் கட்டியாக்கிவிடும், கால் மணியில் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மழைத்தண்ணீர் அல்லது சுத்திகரித்த குடிநீர் எடுங்கள். மண்ணும் முக்கியம். கரிசல் சேர்ந்த மண் அதிகம் சுருங்குவதால் பூச்சு செதிலாக உரியும். வெள்ளைக் களிமண் அந்தச் சூட்டில் உருகி இறுகாது, பளபளப்பு வராது. பொட்டாசியம் உள்ள நுண்களிதான் 900 டிகிரி செல்சியஸ் அருகே இளகி, துளை அடைபட்ட கண்ணாடிப் படலம் மாதிரி ஆகும்.

பூச வேண்டியது ஈரம் பாதி போன பச்சைப் பானையில், கூழாங்கல்லால் மெருகு தேய்த்த பிறகு. முழுக்கக் காய்ந்ததில் பூசினால் வெடிப்பு விடும்.

இனி சுடுதல். ஒரே சூளை, ஒரே நாள், மூன்று கட்டம். முதல் கட்டத்தில் காற்றுவழி திறந்திருக்க, மெதுவாகத் தொடங்கி 800 டிகிரி வரை ஏற்றுங்கள். பானையும் பூச்சும் எல்லாமே சிவக்கும். இரண்டாவது கட்டத்தில் காற்றுவழியையும் புகைத்துளையையும் அடைத்து, பச்சை விறகோ ஈர மரத்தூளோ போட்டு 945 டிகிரி வாக்குக்குக் கொண்டுபோங்கள். எல்லாமே கறுக்கும், பூச்சு இளகி மூடிக்கொள்ளும். மூன்றாவது கட்டத்தில் சூடு 875 வாக்குக்கு இறங்கியதும் காற்றைத் திறந்துவிடுங்கள். துளையுள்ள வெறும் மண்ணுக்குள் காற்று புகுந்து அது மறுபடி சிவக்கும். பூச்சு மூடிக்கொண்டுவிட்டதால் காற்று உள்ளே போக வழியில்லை, கறுப்பாகவே நிற்கும். அந்தக் கோடு பிசகாததன் ரகசியம் இதுதான்.

எங்கே கெடும்? இரண்டாவது கட்டத்தில் சூடு போதாவிட்டால் பூச்சு மூடாது, மூன்றாவது கட்டத்தில் அதுவும் பழுப்பாகவோ சிவப்பாகவோ திரும்பிவிடும். மூன்றாவது கட்டத்தை அவசரமாக முடித்தால் பானை உடம்பு சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். சூடு மிக அதிகமாக இருக்கும்போதே காற்றைத் திறந்தால் நல்ல கறுப்பும் சிவக்கும். கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்கினால் மேல் கிண்ணத்தின் அடிப்பாகம் தொட்ட இடத்தில் வட்டமாகச் சிவப்பு விழும். அருங்காட்சியகங்களில் அப்படிப்பட்ட கிண்ணங்கள் நிறையவே உண்டு, அவற்றை யாரும் தூக்கி எறியவில்லை, விற்றிருக்கிறார்கள். மண்ணில் சுண்ணாம்புக் கல் இருந்தால் சுட்ட சில நாளில் பொரிந்து குழி விழும், இது உங்களுக்கே தெரிந்த தொல்லை.

திறந்த சூளையில் இதைச் செய்ய முடியாது. காற்றை நினைத்தபோது அடைத்துத் திறக்க வேண்டும். கிரேக்கச் சூளையில் கீழே நெருப்பறை, நடுவே துளையிட்ட தளம், மேலே கூண்டு, பக்கத்தில் எட்டிப்பார்க்கும் துளை. கொரிந்து அருகே பெந்தெஸ்கூஃபியாவில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டு மண்பலகைகளில் இதே சூளை வரையப்பட்டிருக்கிறது. அந்தத் துளை வழியாகக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்க்க, நடுவில் ஓட்டையிட்ட சோதனைத் துண்டுகளை உள்ளே வைத்தார்கள், ஏதென்ஸில் அவை கிடைத்துள்ளன. நீங்களும் ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டத்தின் முடிவுக்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. இரண்டாவது கட்டப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மூடிய கொட்டகைக்குள் இந்த வேலை கூடவே கூடாது.

நம் ஊர்க் கறுப்பு–சிவப்புப் பானையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கும் அந்தப் பானையில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகவில்லை. நம்மவர் பானை இருக்கும் இடத்தால் நிறத்தைப் பிரித்தார்கள், ஏதென்ஸ்காரர்கள் பூச்சின் நுண்மையால் பிரித்தார்கள். இரண்டுக்கும் அடிப்படை இரும்பும் காற்றும். ஒருவரிடமிருந்து இன்னொருவர் கற்றதல்ல, தனித்தனியே கண்டது.

புளியந்தோப்பு வாசகர்: 'செராமிக்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'கெரமோஸ்' என்றால் குயவர் மண். ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதிக்குக் கெரமெய்கோஸ் என்று பெயர். உங்களுக்குப் பக்கத்திலேயே கொசவர் பேட்டை கொசப்பேட்டை ஆனது போலத்தான். எரிடனோஸ் என்ற ஓடை அந்த வழியாக ஓடியது. நகர மதிலின் வாயிலும் பெரிய இடுகாடும் அங்கேயே இருந்தன.

காசிமேடு வாசகர்: கப்பலில் ஏற்றிய கிரேக்க ஜாடிகளின் அடி கூர்மையாக இருக்கிறதே. நிற்காத ஜாடியை ஏன் செய்தார்கள்?

தரையில் நிற்பதற்காகச் செய்யவில்லை. கப்பல் அடித்தளத்தில் ஒரு வரிசையை மணலிலோ புதர்க்கட்டைகளிலோ செருகிவிட்டு, அடுத்த வரிசையின் கூர் முனையை முதல் வரிசை ஜாடிகளின் தோள்களுக்கு நடுவே இறக்குவார்கள். கப்பல் ஆடும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தட்டை அடி என்றால் கடல் ஆட்டத்தில் விளிம்பில் விரிசல் விடும். அந்தக் கூர் முனை மூன்றாவது கைப்பிடியும்கூட. ஒரு கை மேல் பிடியிலும் இன்னொரு கை முனையிலும் இருந்தால்தான் நிறைந்த ஜாடியைச் சாய்த்து ஊற்ற முடியும். பெரும்பாலான ஜாடிகள் 20 முதல் 30 லிட்டர் வரை கொள்ளும். மண் கசியும் என்பதால் திராட்சை மது ஜாடிகளின் உள்ளே மரப்பிசின் பூசுவார்கள்.

சைப்ரஸ் தீவின் கைரீனியா கடலில் மூழ்கிக் கிடந்த கி.மு. 4ஆம் நூற்றாண்டின் சிறு வணிகக் கப்பலில் கிட்டத்தட்ட 400 ஜாடிகள் இருந்தன. பெரும்பாலானவை ரோட்ஸ் தீவுடையவை. ரோட்ஸ் ஜாடிகளின் கைப்பிடியில் பிற்பாடு முத்திரை குத்தும் வழக்கம் வந்தது. அதில் அந்த ஆண்டின் சூரியக் கோயில் பூசாரியின் பெயரும் மாதமும் இருக்கும். அதனால் ஒரு கைப்பிடித் துண்டு கிடைத்தாலே தேதியைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

பெரம்பூர் வாசகர்: ஏதென்ஸ் பானைகளில் பெரும்பங்கு இத்தாலிக் கல்லறைகளில்தான் கிடைத்ததாகப் படித்தேன். அப்படியானால் ஏதென்ஸ்காரர்கள் அங்கே குடியேறி இருந்தார்களா?

பானை கிடைத்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடையில் சூரத் புடவை தொங்குவதால், நெய்தவர் அந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று ஆகிவிடாது. இந்தத் தப்பு முன்பு எதிர்ப்பக்கமாக நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலி மண்ணில் கிடைத்ததால் இவற்றை, ரோமானியர் ஓங்குவதற்கு முன் மத்திய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர் செய்தவை என்றே நம்பினார்கள். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் தன் பீங்கான் ஆலைக்கு 'எட்ரூரியா' என்று பெயர் வைத்தது அந்த நம்பிக்கையில்தான். 1828 முதல் வுல்ச்சி கல்லறைகளைத் தோண்டி ஆயிரக்கணக்கில் எடுத்தபோது, மேலே இருந்த கிரேக்க எழுத்துகளைப் படித்துத்தான் உண்மை தெளிந்தது.

வாங்கியவர்கள் எட்ருஸ்கர். கொடுத்ததை வாங்கிக்கொண்ட கூட்டம் அல்ல அது, கேட்டு வாங்கிய கூட்டம். இதற்குச் சாட்சி நிகோஸ்தெனிஸ் என்ற ஏதென்ஸ் குயவர். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேலை செய்தவர், 100க்கும் மேற்பட்ட பானைகளில் 'நிகோஸ்தெனிஸ் செய்தார்' என்று எழுதியிருக்கிறார். எட்ருஸ்கர்களுக்குப் புக்கேரோ என்ற சொந்தப் பானை உண்டு. உள்ளும் புறமும் முழுக் கறுப்பு, புகையடைத்துச் சுட்டது. அதில் பட்டையான அகலக் கைப்பிடியும் விளிம்பு மடிப்பும் உள்ள ஒரு ஜாடி வடிவம் இருந்தது. நிகோஸ்தெனிஸ் அந்த வடிவத்தை அப்படியே எடுத்து, ஏதென்ஸ் மண்ணில் வனைந்து, கிரேக்க ஓவியம் தீட்டி அனுப்பினார். அந்த வகை ஜாடி கிடைத்த இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே ஊர், ரோமுக்கு வடக்கே உள்ள செர்வெத்தேரி. ஒற்றைக் கைப்பிடி உயர்ந்து நிற்கும் அகப்பைக் கிண்ணத்தையும் அதேபோல் செய்தார். அது பெரும்பாலும் வுல்ச்சிக்குப் போனது. எந்த ஊரில் எது விலை போகும் என்று ஏதென்ஸில் உட்கார்ந்தபடியே தெரிந்து வைத்திருந்த மனிதர் அவர். 'கிரேக்கர் கற்றுக்கொடுத்தார்கள், மற்றவர் கற்றுக்கொண்டார்கள்' என்று எழுதுபவர்கள் இந்த ஜாடியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

குயவர்களே புலம்பெயர்ந்ததும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழி: மண் உள்ளூர் மண், கை வெளியூர்க் கை. செர்வெத்தேரியில் செய்த சுமார் 40 தண்ணீர்க் குடங்கள் அப்படிப்பட்டவை. கி.மு. 530–500 வாக்கில் கிழக்குக் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள் வனைந்தவை. பிறகு கி.மு. 440 வாக்கில் தென் இத்தாலியின் கிரேக்க ஊர்களிலேயே செவ்வுருவப் பானைகள், அதாவது கறுப்புப் பின்னணியில் உருவம் சிவப்பாக நிற்பவை, தொடங்கின. அங்கே உள்ளூர் மெஸ்ஸாப்பியர்களின் ஜாடி, கைப்பிடியில் சின்னச் சக்கரம் போன்ற வட்டுகள் உள்ளது, கிரேக்க ஓவியத்தோடு சேர்ந்து புது வடிவம் ஆனது.

கிழக்கிலும் இதே கதை. ஏதென்ஸின் சோதாதிஸ் பட்டறையில் செய்த, குதிரைமேல் அமேசான் என்ற புராணப் போர்ப்பெண் அமர்ந்த ஒரு கோப்பை, சூடானின் மெரோவே பிரமிடு ஒன்றில் கிடைத்தது. அந்தக் கோப்பை வடிவமோ பாரசீகர்களின் உலோகப் பாத்திரத்தைப் பார்த்துச் செய்தது.

தண்டையார்பேட்டை ஆசிரியை: பானைகள் வழியாக எழுத்தும் பரவியது என்கிறார்கள். மாணவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல சான்று வேண்டும்.

இத்தாலியின் இஸ்கியா தீவில், பழைய பெயர் பித்தெகூசை, ஒரு கல்லறையில் கிடைத்த கோப்பையைச் சொல்லுங்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கோப்பை செய்தது கிழக்கே ஏஜியன் கடற்பக்கத்தில். அதன்மேல் மூன்று வரி கீறியிருக்கிறது, எழுத்து யுபோயா தீவுக்காரர்களின் எழுத்து. எழுதிய திசை வலமிருந்து இடம், அது பினீசியர் பழக்கம். கிரேக்கர் எழுத்தைப் பெற்றதும் பினீசியரிடமிருந்தே. பொருள் இதுதான்: நெஸ்தர் என்ற புராண வீரரின் கோப்பையைப் பேசிவிட்டு, இதில் குடிப்பவரை உடனே காதல் பற்றிக்கொள்ளும் என்கிறது. பானை ஓரிடம், எழுத்து ஓரிடம், திசை ஓரிடம், புதைத்தது வேறிடம். வரைபடத்தில் நான்கு புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்துவிடும்.

வியாசர்பாடி வாசகர்: அரிக்கமேட்டில் கிடைத்தவை கிரேக்கப் பானைகளா, ரோமானியப் பானைகளா, நம்முடையவையா?

மூன்று வகையும் கலந்து கிடக்கின்றன, பிரிப்பதில்தான் சிரமம். 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோ சிவப்புப் பானைகளை வைத்து அந்த இடத்துக்குக் காலம் குறித்தார். அந்தக் காலக் கணக்கு பிறகு திருத்தப்பட்டது. இரட்டைக் குச்சியை ஒட்டியது போன்ற கைப்பிடியுள்ள மது ஜாடிகளும் வந்தன. அந்தக் கைப்பிடி முதலில் கிரேக்கத் தீவான கோஸுடையது. அங்கே மதுவில் கடல் நீர் சேர்ப்பார்கள். ஆனால் வடிவத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் இத்தாலியின் கம்பானியாவிலும் அதே கைப்பிடியைக் காப்பியடித்தார்கள். ஓட்டின் உடைவில் கரும் எரிமலை மணல் தெரிந்தால் அது வெசுவியஸ் பக்கத்துச் சரக்கு.

இன்னொன்று: நம் கடற்கரையில் கிடைத்த 'ஆம்போரா' (மேலே சொன்ன கூர் அடி ஜாடி) துண்டுகள் பலவற்றைத் தொல்லியலாளர் ராபர்ட்டா டோம்பர் திரும்பச் சோதித்தபோது, அவை மெசபடோமியாவின் டார்பிடோ ஜாடிகள் என்று தெரிந்தது. அதற்குக் கைப்பிடியே கிடையாது, உள்ளே கறுப்பாகத் தார் பூசியிருக்கும். பிசின் மெல்லியதாகப் பழுப்பாக இருக்கும், தார் தடிப்பாக இருக்கும்.

அரிக்கமேட்டில் பெயர் பெற்ற ரௌலெட்டட் தட்டு, உள் அடியில் வட்டமாகப் புள்ளி வரிசை ஓடுமே, அதை வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்றார். தொல்லியலாளர் விமலா பெக்லி மறுத்தார். பின்பு நடந்த மண் ஆய்வுகள் இந்தியாவைக் காட்டின. சக்கரம் சுற்றும்போது வளையும் தகட்டைத் தொடவிட்டால் அது அதிர்ந்து அந்தப் புள்ளி விழும், வனைபவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். இந்தத் தட்டு இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் வரை போயிருக்கிறது. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், போனால் தரையிலிருந்து ஒரு ஓடுகூட எடுக்காதீர்கள். இடம் மாறிய ஓடு வெறும் ஓடுதான். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் எல்லாம் பார்க்கக் கிடைக்கும்.

திருவொற்றியூர் வாசகர்: அவர்கள் பானை இங்கே வந்தது சரி. நம் பானை அங்கே போனதா?

போனது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்–கதீமில் ஒரு சேமிப்பு ஜாடியின் ஓடு கிடைத்தது. அதில் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது நாம் சொல்லும் உறிதான், கயிற்றில் பானையைத் தொங்கவிடுவது. அதே துறைமுகத்தில் 'கணன்', 'சாதன்' என்ற ஆள் பெயர்களும், தெற்கே பெரெனிகேயில் 'கொறபூமான்' என்ற பெயரும் ஓடுகளில் கிடைத்துள்ளன. நிகோஸ்தெனிஸ் போலச் செய்தவர் பெயர் அல்ல இவை, பானைக்குச் சொந்தக்காரர் பெயர்கள். கப்பலில் பத்துப் பேர் பானை ஒன்றாகக் கிடக்கும்போது தன்னுடையதை அடையாளம் காண ஆணிமுனையால் கீறிக்கொண்டார்கள்.